குரும்பலூரிலிருந்து சிவப்புக் கொடி வரை

காசிக்குப் போனவர்கள் எழுதுகிறார்கள், காஷ்மீர் போனவர்கள் எழுதுகிறார்கள். நான் போனது நாற்பத்து நான்கு கிலோமீட்டர். குரும்பலூரில் டவுன் பஸ் ஏறிப் பெரம்பலூர், அங்கிருந்து அரியலூர், அரியலூருக்குத் தெற்கே ஆறு கிலோமீட்டரில் ஒரு சுண்ணாம்புக்கல் குவாரி. காலையில் கிளம்பி மதியம் போய்ச் சேர்ந்துவிட்டேன். கிளம்புவதற்குத்தான் பதினான்கு மாதம் பிடித்தது. அத்தனை நாளும் அரியலூர் என்று போர்டு போட்ட பஸ்ஸை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. வீம்பு என்றால் அப்படியொரு வீம்பு.

எண்பத்து நாலாம் வருஷம், தை மாதம், ஒரு வியாழக்கிழமை.

காலை 6.15, குரும்பலூர். பனி விலகவில்லை. மேற்கே பச்சைமலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளைதான் தெரிந்தது. பெரம்பலூருக்கு எட்டு கிலோமீட்டர், டிக்கெட் எழுபது பைசா. என் கையில் ஒயர் கூடை. அதில் ஒரு தூக்கில் புளிச்சோறு, ஒரு துண்டு, நாலாக மடித்த ஒரு முத்திரைப் பத்திரம்.

பத்திரத்தை எழுதி வாங்கியவர் என் அண்ணன். மலர்க்கொடியாகிய நானும் என் கணவர் தங்கராசுவும் மனமொத்துப் பிரிகிறோம், இனி ஒருவர்மேல் ஒருவருக்கு எந்தப் பாத்தியதையும் இல்லை என்று அழகான கையெழுத்தில் எழுதியிருந்தது. எங்கள் பக்கத்தில் அத்துவிடுவதற்குக் கோர்ட்டுக்குப் போகிற வழக்கமில்லை. இரண்டு வீட்டுப் பெரியவர்களும் கூடி உட்கார்ந்து, பத்திரத்தைப் படித்து, அவரவர் வழியைப் பார்க்கச் சொல்லிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டில் கூடுவதாக ஏற்பாடு. அதற்குள் என் கணவர் கையெழுத்து வேண்டும். தானே போய் வாங்கிவருவதாக அண்ணன் சொன்னார். நான் போகிறேன் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, சரி என்று விட்டுவிட்டார்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் கையெழுத்து வாங்கவா போனேன்? போட மாட்டேன் என்று அவர் சொல்வதைக் கேட்கப் போனேன். கோபித்துக்கொண்டு பிறந்த வீட்டுக்கு வந்த பெண்ணைப் புருஷன் வந்து கூப்பிட வேண்டும். கூப்பிட்டால்தான் அவள் திரும்பலாம். இவர் வரவே இல்லை, ஒரு கடிதாசுகூட இல்லை. அப்படி நான் என்ன செய்துவிட்டேன் என்று நேரில் கேட்காமல் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு என்னால் இருக்க முடியாது.

காலை 7.00, பெரம்பலூர். போகாதவர்களுக்குச் சொல்கிறேன், பெரம்பலூர் என்பது பாதி ஊர், பாதி நெடுஞ்சாலை. மதராஸ் போகிற பஸ்களும் திருச்சி போகிற பஸ்களும் புழுதியைக் கிளப்பிக்கொண்டு வந்து, ஐந்து நிமிஷம் நின்று ஓடிவிடும். மிச்ச இடத்தைச் சின்ன வெங்காய மூட்டைகள் பிடித்துக்கொண்டிருந்தன. பஸ் ஸ்டாண்டு முழுக்க வெங்காய வாசனை. நாற்பது பைசாவுக்கு ஒரு டீ குடித்தேன். சர்க்கரையை அள்ளிக் கொட்டியிருந்தான். சத்துணவுக் கூடத்துக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். அந்த நேரத்தில் இருபது கிலோ அரிசி களைந்துகொண்டிருக்க வேண்டியவள், டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டு நின்றது எனக்கே விநோதமாக இருந்தது.

காலை 7.40. அரியலூர் பஸ். முப்பது கிலோமீட்டர், இரண்டு ரூபாய் அறுபது பைசா, ஒன்றேகால் மணி நேரம். பக்கத்தில் விக்கிரமங்கலத்துக்காரம்மா ஒருவர் மடியில் வெங்காயப் பையோடு உட்கார்ந்தார். பேரளி தாண்டுவதற்குள் என் ஊர், சாதி சனம், சம்பளம் எல்லாம் விசாரித்து முடித்துவிட்டார். கடைசியாக அங்கே வந்தார்.

"வூட்டுக்காரரு என்னம்மா பண்றாரு?"

"குவாரியில வெடி மேஸ்திரிங்க."

"நீ என்ன இந்தப் பக்கத்துலேருந்து வர்ற?"

"அம்மா வூட்டுக்குப் போயிருந்தேங்க. பத்து நாளாச்சு."

"பத்து நாளைக்கேவா மொகம் இப்படி வாடிக் கெடக்கு? நல்லா வாச்சுது போ" என்று சொல்லிச் சிரித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பருத்திக் காட்டில் காய் வெடித்து நின்றது. மருதையாற்றுப் பாலத்தில் பஸ் ஊர்ந்தது. ஆற்றில் மணல்தான், நடுவில் ஒரு கோடு தண்ணீர். கண்ணில் தூசி விழுந்ததாகச் சொல்லி முந்தானையால் துடைத்துக்கொண்டேன். அந்தம்மா நம்பியிருக்க மாட்டார்.

வெடி மேஸ்திரி வேலை என்னவென்று தெரியாதவர்களுக்கு. பாறையில் வரிசையாகக் குழி போட்டு, தோட்டா இறக்கி, திரிக்குத் தீ வைத்துவிட்டு, மேஸ்திரி ஓடி வந்து சுவர் மறைவில் நிற்பார். எத்தனை குழியோ அத்தனை சத்தம் கேட்க வேண்டும். அவர்தான் எண்ணுவார். ஒன்று குறைந்தாலும் அரை மணி நேரத்துக்கு ஒரு ஈ, காக்கை கிட்டே போகக்கூடாது. வெடிக்காமல் படுத்திருப்பது எப்போது எழுந்துகொள்ளும் என்று யாருக்குத் தெரியும்?

கல்யாணமான புதிதில் இதை எங்களுக்குள் ஒரு விளையாட்டாக வைத்திருந்தோம். இன்றைக்கு எத்தனை குழி என்று காலையில் அவர் சொல்லமாட்டார். மதியம் பன்னிரண்டரைக்குக் குவாரி வெடிக்கிற சத்தம் காற்றடித்தால் டவுன் வரைக்கும் கேட்கும். அடுப்பை அணைத்துவிட்டுக் கொல்லையில் நின்று எண்ணுவேன். சாயங்காலம் தெருமுனையில் சைக்கிள் மணி இரண்டு தடவை அடிக்கும். உள்ளே வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன்னால் "எத்தன?" என்பார். சரியாகச் சொன்னால் சட்டைப் பையிலிருந்து மல்லிகைப்பூ வரும். தப்பாகச் சொன்னாலும் வரும், கொஞ்ச நேரம் கழித்து வரும். கணக்கில் எப்போதும் வெறும் பாஸ் மார்க் வாங்கியவள் நான். வெடியை எண்ணுவதில் மட்டும் புலியாகிவிட்டேன்.

இரண்டு வருஷம் அப்படி இருந்தோம். பிறகு மணி அடிப்பது நின்றது. எத்தனை என்று கேட்பதும் நின்றது. அடுப்படியிலிருந்து பத்து வார்த்தை பேசினால் ஒரு வார்த்தைக்கும் பதில் வராது. காய்ச்சல் மாத்திரை வாங்கி வரச் சொன்னால் வெறும் கையோடு வருவார். ஏன் என்று கேட்டால் ஒரு சிரிப்பு. மண்ணாங்கட்டிச் சிரிப்பு. சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போய், யாரோ ஒன்று கேட்க இவர் வேறொன்று சொல்ல, பந்தியே சிரித்தது. அன்றிலிருந்து எந்த விசேஷத்துக்கும் வரமாட்டேன் என்றுவிட்டார். வேறு யார்மேலோ மனசு போய்விட்டது என்றே முடிவு கட்டினேன். ஒன்றரை வருஷம் சுவரோடு பேசினேன். பிறகு டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். துணி அடுக்கும்போது வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவர் வாசற்படியில் முதுகைக் காட்டி உட்கார்ந்து சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். திரும்பவே இல்லை.

காலை 8.55, அரியலூர். இந்த ஊருக்குள் நுழையும்போதே தெரிந்துவிடும். மரத்து இலை, ஓட்டு வீடு, மாட்டின் முதுகு எல்லாவற்றிலும் வெள்ளைத்தூள். கல் லாரிகள் வரிசையாகப் போகும். பதினான்கு மாதத்தில் எதுவும் மாறவில்லை, பஸ் ஸ்டாண்டு எதிரே ஒரு டெய்லர் கடை புதிதாக வந்திருந்தது. ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் நாங்கள் குடியிருந்த வீட்டுக்கு நடந்தேன், கால் மணி நேரம். கதவு பூட்டியிருந்தது. வீட்டுக்காரம்மா என்னைக் கண்டதும் வாம்மா என்று உள்ளே கூப்பிட்டு மோர் கொடுத்தார். அவர் ஏழு மணிக்கே வேலைக்குப் போய்விட்டாராம்.

"நல்ல மனுசந்தான். ஒண்ணே ஒண்ணுதாம்மா. ரேடியோவ இப்படியா அலற விடறது? தெருவே காதப் பொத்திக்குது. நீயாவது சொல்லு" என்றார்.

ஓகோ, நான் இல்லாமல் பாட்டுக் கச்சேரியோ என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தேன். ஒரு தட்டு, ஒரு டம்ளர், கவிழ்த்து வைத்த ஒரு சட்டி. கொடியில் என் பழைய நீலப் புடவை மடித்துப் போட்டபடியே கிடந்தது. அதைப் பார்த்ததும் கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்த ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ.

காலை 11.40. குவாரி வழியாகப் போகிற டவுன் பஸ், அறுபது பைசா. சாயங்காலம்வரை காத்திருக்கச் சொன்னார் வீட்டுக்காரம்மா. என்னால் முடியவில்லை. பஸ் ஸ்டாண்டிலேயே அரை மணி நேரம் ஆளுக்காகக் காத்திருந்துவிட்டு ஆடி அசைந்து கிளம்பியது. குவாரிக்கு முன்னால் ரோட்டின் குறுக்கே ஒருவர் சிவப்புக் கொடியோடு நின்று பஸ்ஸை நிறுத்தினார். வெடி நேரம். இந்த ரோட்டில் இது தினப்படி நடக்கிறது. ஜனங்கள் இறங்கி, வெற்றிலை போட்டுக்கொண்டு, எண்ணுவதற்குத் தயாராக நிற்பார்கள்.

கொடிக்காரர் பெயர் மாணிக்கம், ஐம்பது வயது இருக்கும். பழக்க தோஷம், அவரிடம் போய் இன்றைக்கு எத்தனை குழி என்று கேட்டேன். பன்னிரண்டு என்றார். நூறு மீட்டருக்கு அப்பால் பள்ளத்தின் விளிம்பில் ஒரு கல் சுவர். அதன் மறைவில் ஒரு ஆள். இடது தோள் கொஞ்சம் இறங்கியிருக்கும், அப்படி நிற்கிற ஆள் உலகத்தில் ஒருவர்தான். என் நெஞ்சு அடித்துக்கொண்டதில் முதல் வெடியைத் தவறவிடப் பார்த்தேன்.

ஒன்று. இரண்டு. மூன்று. ஒவ்வொரு சத்தத்துக்கும் மாணிக்கம் கொடியை ஒருமுறை தாழ்த்தி ஏற்றினார். அந்த வழக்கத்தை நான் அறிந்ததில்லை. இன்னொன்றும் விநோதமாக இருந்தது. வெடி மேஸ்திரி பள்ளத்தைப் பார்த்து நிற்பார். இவர் பள்ளத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எங்கள் பக்கம், கொடியைப் பார்த்துக்கொண்டு நின்றார். ஏழு, எட்டு. அந்த நேரம் பார்த்து பஸ் டிரைவர், நேரமாகிவிட்டது, டைம் கீப்பர் திட்டுவார் என்று மாணிக்கத்திடம் சண்டைக்குப் போனார். மாணிக்கம் அவருக்குப் பதில் சொல்லிக்கொண்டே கொடியை ஆட்டினார். பதினொன்று. அதோடு நின்றது. ஆனால் கொடி இன்னொரு முறை இறங்கி ஏறியது.

பதினொன்றுதான் வெடித்தது என்று சொன்னேன். பன்னிரண்டு என்றார் மாணிக்கம். அதற்குள் சுவர் மறைவிலிருந்து என் புருஷன் வெளியே வந்துவிட்டார். விசில் கழுத்தில் தொங்கியது. அதை ஊதினால் கல் உடைக்கிற அத்தனை பேரும் பள்ளத்துக்குள் இறங்கிவிடுவார்கள். நான் கத்தினேன். பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். டிரைவர் ஓடிப்போய் ஹாரனை விடாமல் அழுத்தினார். என் புருஷனுக்கும் பின்னால், இன்னும் தூரத்து மேட்டில் நின்றிருந்த கூலி ஆட்கள்கூடத் தலையைத் திருப்பிப் பார்த்தார்கள். அவர் மட்டும் குனிந்து விசிலைக் கையில் எடுத்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. ஐயோ பாவி, இத்தனை நாள் நான் யாரோடு சண்டை போட்டேன்!

மாணிக்கத்தின் கையிலிருந்த கொடியைப் பிடுங்கித் தலைக்குமேல் தூக்கி ஆட்டினேன். விசில் வாய்க்குப் போகும் நேரத்தில் அவர் கண் வழக்கப்படி கொடிப் பக்கம் வந்தது. அப்படியே நின்றுவிட்டார். பதினான்கு மாதம் கழித்து என் புருஷன் என்னைப் பார்த்தது இப்படித்தான், நடு ரோட்டில், முந்தானை நழுவ, கையில் சிவப்புக் கொடியோடு.

பிறகு வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை வானம் பார்க்க விரித்தார். எத்தன?

கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பத்து விரலையும் காட்டினேன். பிறகு ஒரு விரல்.

அவர் தலையை ஆட்டினார். திரும்பி இரண்டு கையையும் விரித்து ஆட்களை மேலே போகச் சொன்னார். பஸ் டவுனுக்கே திரும்பிப் போயிற்று. நான் ஏறவில்லை.

மதியம் 12.35 முதல் 1.05 வரை. இந்தப் பயணத்தில் நெடுந்தூரம் என்றால் இந்த நூறு மீட்டர்தான். அவர் இந்தப் பக்கம் வரக்கூடாது, நான் அந்தப் பக்கம் போகக்கூடாது. சட்டம் அது. வெயிலில் அவர் சுவரோரம் நின்றார், நான் ரோட்டோரம் நின்றேன். முகத்தில் என்ன இருக்கிறது என்று தெரியாத தூரம். ஓடிப்போய் அவர் சட்டையைப் பிடித்து உலுக்க வேண்டும் போலவும் இருந்தது, அந்த இறங்கிய தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அழ வேண்டும் போலவும் இருந்தது. அரை மணியும் அவர் உட்காரவில்லை, நானும் உட்காரவில்லை.

நான் யாரென்று சொன்னதும் மாணிக்கம் நடுங்கிப் போனார். "வெளிய சொல்லிடாதீங்கம்மா. மேஸ்திரிக்கு ஒரு காது சுத்தமா போயிடுச்சு, இன்னொண்ணு அரைகுறை. மூணு வருசமா நாந்தான் கொடியில எண்ணிச் சொல்றேன். தெரிஞ்சா லைசென்ஸ பிடுங்கிடுவாங்க" என்றார். இன்றைக்குத் தன்னால் எத்தனை உயிர் போயிருக்கும் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

மதியம் 2.00. படுத்திருந்த வெடிக்குப் பக்கத்தில் வேறு குழி போட்டு அதையும் எழுப்பி முடித்துவிட்டு வந்தார். அதுவரை எனக்குப் பச்சைத் தண்ணீர் இறங்கவில்லை. தகரக் கொட்டகையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். மெலிந்திருந்தார். காதோரம் நரை. தூக்குக்காக நான் கூடையில் கை விட்டபோது பத்திரம் மேலே வந்தது. அவரே எடுத்துப் படித்தார். படித்துவிட்டுச் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்தார்.

"எங்க போடணும்?"

என்னவோ சொன்னேன். வெளியே கம்ப்ரஸர் ஓடிக்கொண்டிருந்தது. அவர் என் முகத்தைப் பார்த்து அந்தச் சிரிப்பைச் சிரித்தார். காது கேட்காதவன் கேட்டதுபோல் காட்டிக்கொள்கிற சிரிப்பு. இத்தனை காலம் நான் அதைத் திமிர் என்று நினைத்திருந்தேன்.

பேனாவைப் பிடுங்கிப் பத்திரத்தைத் திருப்பி, வெற்றுப் பக்கத்தில் எழுதினேன். ஏன் என்னைக் கூப்பிட வரவில்லை?

படித்தார். பதில் சொன்னார், அவருக்குத் தன் குரலின் அளவு தெரியவில்லை, கொட்டகைக்கு வெளியே இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். "வந்தேன் மலரு. மூணு தடவ பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் வந்தேன். உங்க வூட்ல பத்து பேரு உக்காந்து ஒண்ணா பேசுவாங்க. எனக்கு ஒண்ணும் வெளங்காது. தப்பா எதையாவது சொல்லி, எல்லாரும் சிரிச்சு, நீ தலைகுனிஞ்சு நிக்கணுமா? திரும்பிட்டேன்."

நாற்பது பைசா டீ குடித்துக்கொண்டு நான் நின்ற அதே இடத்தில் மூன்று தடவை நின்றிருக்கிறார். எட்டு கிலோமீட்டர்தான் பாக்கி.

அழுது முடித்த பிறகு மறுபடி எழுதினேன். மேனேஜரிடம் இன்றைக்கே உண்மையைச் சொல்ல வேண்டும், இன்று நடந்தது இன்னொரு நாள் நடந்தால் அந்தப் பாவத்தை என்னால் சுமக்க முடியாது. வேலை போனால் போகட்டும், எனக்குச் சத்துணவில் சம்பளம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை வந்து கூப்பிடுங்கள். பத்துப் பேர் பேசட்டும், நான் எதிரில் உட்கார்ந்து உங்களுக்குச் சொல்கிறேன்.

அவர் படித்துவிட்டுத் தூக்கைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். ஆளுக்குப் பாதியாகப் புளிச்சோற்றைச் சாப்பிட்டோம். போடுகிறேன் என்றும் சொல்லவில்லை, போடமாட்டேன் என்றும் சொல்லவில்லை. பத்திரத்தை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டார்.

மாலை 4.30, அரியலூர். சைக்கிள் கேரியரில் வைத்துப் பஸ் ஸ்டாண்டுவரை மிதித்துக் கொண்டுவந்துவிட்டார். வழியெல்லாம் முதுகைப் பார்த்துக்கொண்டு வந்தேன், பேசவில்லை, பேசினால் கேட்காது. ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பஸ் எடுக்கும்போது, வந்துடுங்க என்று உதட்டை மட்டும் அசைத்தேன். புரிந்ததா என்று தெரியவில்லை. திரும்புகிற வழியில் மருதையாறும் பருத்திக் காடும் காலையில் பார்த்த மாதிரியேதான் இருந்தன. குரும்பலூரில் இறங்கும்போது இருட்டத் தொடங்கியிருந்தது. கையெழுத்து எங்கே என்று அண்ணன் கேட்டார். ஞாயிற்றுக்கிழமை தெரியும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் பெரியவர்கள் வந்துவிட்டார்கள். எங்கள் வீடு எப்படிப்பட்டது என்றால், ஒருவர் சொல்லி முடிப்பதற்குள் நாலு பேர் பதில் சொல்லிவிடுவார்கள். பிறந்ததிலிருந்து கேட்ட இரைச்சல். அன்றைக்குத்தான் முதல்முறையாக அது எனக்குப் பயமாக இருந்தது. பதினொன்றாயிற்று, பதினொன்றரையாயிற்று. அவன் எங்கே வரப்போகிறான் என்றார் ஒருவர். அவர் வந்து என்ன செய்வார், பந்தியில் எல்லோரையும் சிரிக்க வைத்தவர்தானே என்றார் இன்னொருவர். நான் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

தெருமுனையில் சைக்கிள் மணி அடித்தது. இரண்டு தடவை.

அரியலூரிலிருந்து பஸ் மேல் சைக்கிளைப் போட்டு, ஒரு ரூபாய் லக்கேஜ் கொடுத்து, பெரம்பலூரில் இறக்கி மிச்ச எட்டு கிலோமீட்டரையும் மிதித்து வந்திருக்கிறார். வெடி மேஸ்திரி வேலையை விட்டுவிட்டு, லாரிக்குச் சீட்டு எழுதும் வேலைக்கு, குறைந்த சம்பளத்துக்குச் சம்மதித்துவிட்டதைப் பிறகுதான் சொன்னார். அப்போது நான் பெரியவர்களைத் தாண்டி, அண்ணனைத் தாண்டி, வாசலுக்கு ஓடினேன். அவர் சைக்கிளை ஸ்டாண்டு போடவில்லை, செருப்பைக் கழற்றவில்லை. வியர்த்து ஒழுகிக்கொண்டு, என் வாயையே பார்த்துக்கொண்டு, தெருவே கேட்கும்படி கேட்டார்.

"எத்தன?"

எதிரில் போய் நின்று, நிதானமாகச் சொன்னேன்.

"ரெண்டு."